வந்தவர் கவலையும் பிறந்தவர் கவலையும்

ஜோகூர்ச் சீனர் வரலாறு: அத்தியாயம் 7

ஜோகூரின் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம் 1844இல் வழங்கத் தொடங்கிய ஆற்றுப் பத்திரங்களைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 'சூராட் சுங்கை' எனப்பட்ட அந்தத் தாளைப் பெற்ற சீனத் தலைவர் ஓர் ஆற்றின் கரை முழுவதற்கும் பொறுப்பாளி ஆனார். அவரைக் 'கங்சூ' என்றார்கள். அவருடைய படகுத்துறை 'கங்கார்'. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று அந்தச் சொல் இன்றும் ஜோகூரின் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் தலைவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குக் கீழே உழைத்தவர்களின் குடும்பங்களுக்குள் போவோம். புலம்பெயர்ந்தோர் பட்ட பாடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தகப்பனும் மகனும் பட்ட பாடு ஒன்றல்ல. வந்தவருக்கு எப்படித் திரும்பிப் போவது என்பது கவலை. இங்கே பிறந்தவருக்கு எப்படி இங்கேயே இருப்பது என்பது கவலை. இந்த இரண்டு கவலைகளும் ஜோகூரில் நூறாண்டுக்கும் மேலாக ஒன்றோடொன்று மோதிய கதையே இது.

திரும்பிப் போக வந்தவர்கள்

தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றுக்கு 1844இல் தம் ஆட்களோடு வந்து சேர்ந்தார். அவரும் அவருடைய ஙீ ஹெங் கொங்சி என்ற சங்கத்தைச் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் தெவ்ச்சூ மொழி பேசியவர்கள். தென்சீனத்தின் சாவ்சோ வட்டாரத்துக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த கூலிகள் பலரிடம் கப்பல் கட்டணத்துக்கும் பணமில்லை. கட்டணத்தை வேறொருவர் கொடுப்பார். வந்து இறங்கியவர் அதை உழைத்துக் கழிக்க வேண்டும். புதிதாக வந்தவனைச் 'சிங்கே' என்பார்கள். கடனோடுதான் அவன் இந்த மண்ணில் காலை வைத்தான்.

அவனுக்குக் காத்திருந்த வேலை கம்பீர்த் தோட்டம். வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புப் பொருள் கம்பீர். ஐரோப்பாவில் தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது மலைமலையாகத் தேவைப்பட்டது. இலையைப் பறித்து, நறுக்கி, பெரிய இரும்புக் கொப்பரையில் நாள் முழுவதும் காய்ச்ச வேண்டும். அடுப்பெரிக்கச் சுற்றிலுமுள்ள காட்டை வெட்ட வேண்டும். காய்ச்சி எடுத்த இலைச் சக்கை பக்கத்தில் நட்ட மிளகுக் கொடிக்கு உரமாகும். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சலித்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். பிறகு அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தப் பயிரின் இயல்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தின்று நகர்ந்துகொண்டே இருக்கும் பயிர் அது. அதை நட்டவன் யாரும் பேரப்பிள்ளைக்கென்று வீடு கட்டவில்லை. அத்தாப்புக் குடிசையே போதும் என்று இருந்தான். அவன் மனைவி பெரும்பாலும் சீனக் கிராமத்தில் மாமியாரோடு இருந்தாள். அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி ஆகிய எல்லாவற்றையும் ஆற்றங்கரையில் விற்கும் உரிமை கங்சூவிடம் இருந்தது. ஒரு கையால் வாங்கிய கூலி மறு கையால் அவரிடமே போய்ச் சேர்ந்தது. மூன்றாண்டில் ஊர் திரும்புவேன் என்று வந்தவன் முப்பதாண்டு ஆகியும் திரும்ப முடியாமல் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மிஞ்சிய காசு கடிதத்தோடு சேர்ந்து ஊருக்குப் போனது. பணமும் கடிதமும் ஒன்றாகப் போகும் அந்த அஞ்சலுக்குச் 'சியாவ்பி' என்று பெயர். எழுதத் தெரியாதவன் தெருவோரக் கடிதக்காரரிடம் சொல்லி எழுதுவித்தான். இவ்வளவு பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு இவ்வளவு, தம்பி படிப்புக்கு இவ்வளவு, நான் நலம். பெரும்பாலான கடிதங்களின் சாரம் இவ்வளவுதான். தென்சீனக் குடும்பங்கள் தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்தக் கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வென்றவரும் திரும்பவே விரும்பினார். தான் ஹியோக் நீ 1827இல் சாவ்சோவில் பிறந்து, துணி விற்றுத் திரிந்து, ஜோகூரில் பல ஆறுகளுக்குக் கங்சூவாகி, 'மேஜர் சைனா' என்ற பட்டமும் பெற்றவர். அவர் தம் பணத்தைக் கொண்டு சொந்த ஊரில் குலக்கோயில் கட்டினார். அதன் கற்சிற்பங்கள் இன்றும் புகழ்பெற்றவை. 1902இல் அவர் உயிர் பிரிந்ததும் சீனத்தில்தான். ஜோகூர் பாருவில் ஒரு தெரு அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. அவர் உடல் அங்கே இல்லை.

ரப்பர் மரம் போட்ட கால்கட்டு

கங்சூ முறையை 1917இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது. ரயில்பாதை 1909இல் ஜோகூர் பாருவை எட்டியது. சிங்கப்பூரோடு இணைக்கும் பாலத்தில் 1923இல் ரயில் ஓடியது.

சீனக் குடும்பம் என்ற ஒன்று ஜோகூரில் பெருவாரியாக உருவானதற்கு ரப்பரே காரணம் என்று நான் நினைக்கிறேன். கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து முப்பது ஆண்டு அது பால் கொடுக்கும். அதை நட்டவன் எழுந்து போக முடியாது. விடியுமுன் மரம் வெட்டவும், பால் சேகரிக்கவும், தகடு உருட்டவும் வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். மனைவி வேண்டும், பிள்ளைகள் வேண்டும்.

உலகப் பொருளாதார மந்தம் இன்னொரு வாசலைத் திறந்தது. வேலையில்லாக் காலத்தில் சீன ஆண்கள் வருவதைக் கட்டுப்படுத்தச் சிங்கப்பூர் துறைமுகத்தில் 1933 முதல் அயலார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு 1938 வரை அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் அந்த ஐந்தாண்டில் பெண்கள் பெருந்திரளாக வந்து இறங்கினார்கள். ஆண்களைத் தடுக்கப் போட்ட சட்டம், ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு சமூகத்தில் குடும்பங்களை உண்டாக்கியது.

அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் யார்? 1909இல் வெளிவந்த சிங் பேரரசின் குடியுரிமைச் சட்டம், சீனத் தகப்பனுக்கு எங்கே பிறந்தாலும் பிள்ளை சீனன்தான் என்றது. பிள்ளையோ பால்மரக் காட்டையன்றி வேறு நாட்டைக் கண்டதில்லை. தகப்பன் 'ஊர்' என்று சொன்னபோது பிள்ளைக்கு எதுவும் கண்முன் வரவில்லை. தகப்பனின் ஏக்கம் பிள்ளைக்குப் புரியவில்லை. பிள்ளையின் வெறுமை தகப்பனுக்குப் புரியவில்லை.

மொழியிலும் இந்த இடைவெளி விழுந்தது. ஜோகூர் பாருவின் ஜாலான் திருஸ் தெருவிலுள்ள பழைய சீனக் கோயிலில் ஐந்து தெய்வங்கள். தெவ்ச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனீஸ், ஹைனானீஸ் என்ற ஐந்து கூட்டத்தாருக்கும் ஆளுக்கொன்று. சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 21ஆம் நாள் இரவு அந்தத் தெய்வங்கள் ஒன்றாக ஊர்வலம் வருகின்றன. தகப்பன்மாரின் உலகம் அந்த ஐந்து மொழிகளால் ஆனது. ஆனால் 1913இல் தொடங்கிய புன் யூ பள்ளி பிற்பாடு மற்ற சீனப் பள்ளிகளைப் போலவே மாண்டரினைப் பயிற்றுமொழி ஆக்கியது. வீட்டில் ஹக்கா பேசிய தகப்பனிடம் பையன் பள்ளிப் பாடத்தை வாசித்துக் காட்டினால் அவருக்குப் பாதிதான் விளங்கும். சீனத்தை மறந்துவிடக் கூடாது என்றுதான் தகப்பன் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே பிள்ளை கற்ற சீனம் பாடப்புத்தகத்துச் சீனம்; தகப்பனின் கிராமம் அதில் இல்லை.

தகப்பனின் தாய்நாட்டுக்குப் பிள்ளை கொடுத்த விலை

ஜப்பான் 1937இல் சீனத்தின் மீது முழுப்போர் தொடுத்ததும் மலாயாச் சீனர் கொதித்தெழுந்தார்கள். சிங்கப்பூர்த் தொழிலதிபர் தான் கா கீ தலைமையில் 1938இல் தென்கிழக்காசியச் சீன நிவாரண நிதி அமைந்தது. ரப்பர் வெட்டியவர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். பத்து பஹாட்டுக்கு அருகே ஸ்ரீ மேடானில் ஜப்பானியர் நடத்திய இரும்புச் சுரங்கத்தை விட்டுச் சீனத் தொழிலாளர் வெளியேறினார்கள். தம் கையால் தோண்டும் இரும்பு தம் ஊர்மீது குண்டாக விழும் என்பது அவர்கள் வாதம்.

பிறகு ஜப்பானியப் படை மலாயாவுக்குள்ளும் முன்னேறியது. 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் பின்வாங்கிப் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஜோகூரின் சிற்றூர்களில் ஜப்பானியப் படை சீனரைக் கொன்று குவித்தது. நிவாரண நிதிக்குக் கொடுத்தவன், கொடுக்காதவன், சீனத்தைப் பார்த்தவன், பார்க்காதவன் என்ற பேதமே இல்லை. குழந்தைகளும் மாண்டார்கள். தகப்பன் தாய்நாட்டின்மீது வைத்த அன்புக்கு, அந்த நாட்டை அறியாத பிள்ளையும் உயிரால் விலை கொடுத்தான்.

முள்வேலியும் கப்பலும்

போர் முடிந்து மூன்றாண்டில் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்குக் காட்டோரச் சீனர் அரிசி கொடுக்கிறார்கள் என்பது அரசின் கவலை. 1950இல் ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டம் ஜோகூரிலிருந்தே தொடங்கியது. சிதறி வாழ்ந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வேலிக்குள் குடியமர்த்தினார்கள். அதுதான் புதுக்கிராமம். மலாயா முழுவதும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இப்படி இடம்பெயர்க்கப்பட்டார்கள். கூலாய் வட்டாரத்தில் கெலாப்பா சாவிட், செனாய், சாலெங் போன்ற ஊர்கள் அப்படி உருவானவையே. காலையில் பால் வெட்டப் போகும் பெண்களை வாயிலில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒரு பிடி அரிசியும் வெளியே போகக் கூடாது.

மருத்துவராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ஹான் சூயின் அப்போது ஜோகூர் பாருவில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். சீனத் தகப்பனுக்கும் பெல்ஜியத் தாய்க்கும் பிறந்தவர். முள்வேலிக்குள் வாழ்ந்தவர்களின் அவலத்தை 1956இல் வெளியான 'அண்ட் தி ரெயின் மை டிரிங்க்' என்ற நாவலில் எழுதினார்.

வேலியைவிடக் கொடிய தண்டனை ஒன்று இருந்தது. சந்தேகத்துக்குரியவர்களைச் சீனத்துக்கு நாடு கடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் போனார்கள், குடும்பத்தோடும் போனார்கள். அந்தக் கப்பலை எண்ணிப் பாருங்கள். ஏறிய தகப்பனுக்கு அது, தண்டனையாகவே இருந்தாலும், ஒருவகையில் ஊர் திரும்பும் பயணம். அவர் மொழி பேசுவோர் அங்கே இருந்தார்கள். அவர் பெயர் அங்கே குலப் பதிவேட்டில் இருந்தது. கூடப்போன பிள்ளைக்கோ அது முதல் புலம்பெயர்வு. தகப்பன் அகதியாக வந்திறங்கிய இடம் பிள்ளையின் பிறந்தகம். தகப்பனின் பிறந்தகம் பிள்ளைக்கு அகதி நிலம்.

அப்படித் திரும்பியவர்களைக் குடியமர்த்த 1951இல் ஹைனான் தீவின் வானிங் வட்டாரத்தில் சிங்லோங் என்னும் பண்ணையை உருவாக்கினார்கள். அங்கே காப்பி பயிரானது. மலாயாவில் பிறந்தவர்கள் மலாயாவின் சமையலையே அங்கும் சமைத்தார்கள். சீனத்தின் நடுவே வாழ்ந்த அவர்களை அக்கம்பக்கத்தார் 'திரும்பிவந்த கடல்கடந்தோர்' என்றே அழைத்தார்கள். ஒருநாளும் அங்கிருந்து போகாத பிள்ளைகள் எப்படித் திரும்பிவந்தவர்கள் ஆவார்கள்?

தமிழ் வாசகர்களுக்கு இது கேள்விப்படாத கதையல்ல. இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. வந்தவர்களுக்காக நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். சிங்லோங்கிலும் நீலகிரியின் கூடலூரிலும் நடந்தது ஒன்றே.

ஒரு வீடு, இரண்டு அட்டைகள்

மலாயாவிலும் பெற்றோர் பிறந்த இடமே பிள்ளையின் விதியைத் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் கூட்டரசு உடன்படிக்கை, சீனரைப் போன்ற குடியேறியோர் வீட்டுப் பிள்ளை இங்கே பிறந்தது மட்டுமல்லாமல், தாயும் தகப்பனும் இருவருமே இங்கே பிறந்திருந்தால்தான் தானாகவே குடிமகன் ஆக முடியும் என்றது. 1952இல் அதைத் தளர்த்தி, இருவரில் ஒருவர் பிறந்திருந்தால் போதும் என்றார்கள். 1957 ஆகஸ்டு 31 விடுதலை நாள். அன்றும் அதற்குப் பின்னும் இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன் என்று அரசியலமைப்பு அறிவித்தது. 1962இல் அந்தக் கதவு மீண்டும் குறுகியது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

ஒரே வீட்டில் இதன் விளைவு என்ன? 1955இல் பிறந்த அக்காவுக்குப் பதிவு செய்ய வேண்டும். 1958இல் பிறந்த தம்பிக்கு வேண்டாம். தகப்பனோ இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தேன் என்று காட்ட வேண்டும். இனி நிரந்தரமாக இங்கேதான் வாழ்வேன் என்று உறுதி சொல்ல வேண்டும். விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். விடுதலைக்குப் பின்வந்த ஓராண்டில் மொழித்தேர்வைத் தளர்த்தினார்கள். சீனச் சங்கங்கள் மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தன. இலட்சக்கணக்கானோர் குடிமக்கள் ஆனார்கள்.

ஆனாலும் பலர் போகவில்லை. சிலருக்குச் செய்தி எட்டவில்லை. சிலரிடம் ஒரு துண்டுச் சான்றும் இல்லை. இன்னும் சிலருக்குக் கை வரவில்லை. இங்கேயே வாழ்வேன் என்று கையெழுத்திட்டால், அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதிய வாக்கு என்ன ஆகும்? 1955இல் பாண்டுங் மாநாட்டின்போது சீனப் பிரதமர் சூ என்லாய் இரட்டைக் குடியுரிமையைக் கைவிடும் உடன்பாட்டில் இந்தோனேசியாவோடு கையெழுத்திட்டபோதே, வாழும் நாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று சீனமும் சொல்லாமல் சொல்லிவிட்டது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் இருந்தார்கள். பின்னாளில் குடிமகனுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை என்று ஆனது. மகன் நீல அட்டையோடு ஓட்டுப் போடப் போக, தகப்பன் சிவப்பு அட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்த வீடுகள் ஜோகூரில் ஏராளம். அட்டையின் நிறம் மாறாமலே இறந்துபோன முதியவர்கள் அவர்களில் பலர்.

மலேசியத் தமிழர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயங்களில் அது நம் தாத்தா பாட்டிகளின் பெட்டிக்குள்ளும் இருந்தது.

பிள்ளைகளின் புதிய போராட்டம்

குடியுரிமை கிடைத்த தலைமுறைக்கு உடலுழைப்புக் கொடுமை குறைந்தது. மொழிப் போராட்டம் கூடியது. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, அரசு உதவி வேண்டுமானால் சீன உயர்நிலைப் பள்ளிகள் தேசிய முறைக்கு மாற வேண்டும் என்றானது. புன் யூ மாறவில்லை. அரசின் மானியம் இல்லாமல் பெற்றோரின் கட்டணத்திலும் சமூகத்தின் நன்கொடையிலும் அந்தப் பள்ளி நின்றது. இன்று நாட்டின் மிகப் பெரிய சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளி அது. அங்கிருந்து தொடங்கிய முயற்சியே 1990இல் ஸ்கூடாயில் சதர்ன் கல்லூரியாக வளர்ந்தது.

இங்கும் இரு தலைமுறையின் நோக்கம் வேறு. தகப்பனுக்குச் சீனப் பள்ளி, விட்டு வந்த ஊரோடு ஒட்டியிருக்கும் கயிறு. மகனுக்கு அது, சீனனாக இருந்துகொண்டே மலேசியனாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்ற கோரிக்கை. ஒரே பள்ளிக்கு இருவரும் பணம் கொடுத்தார்கள், காரணம்தான் வேறு.

சீனப் பள்ளிச் சான்றிதழை ஏற்க உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தயங்கியபோது பிள்ளைகள் மீண்டும் கடல் கடந்தார்கள். 1956 முதல் சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், தைவானுக்கும் போனார்கள். குளுவாங்கில் 1967இல் பிறந்த எழுத்தாளர் எங் கிம் சியூ, ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. 1986இல் தைவான் சென்று அங்கேயே பேராசிரியர் ஆனவர். அவர் கதைகளில் ஜோகூரின் மழையும் பால்மரக் காடும் விடாமல் வருகின்றன. தாத்தா சீனத்தை நினைத்து ஏங்கியதுபோல், பேரன் ஜோகூரை நினைத்து எழுதுகிறார்.

தினமும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். அதில் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் இருக்கிறார்கள். சிலர் அங்கேயே தங்கி, நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். புதுக்கிராமத்து வீட்டில் காத்திருக்கும் பெற்றோர் இப்போது இந்த மண்ணின் மைந்தர், பிள்ளைகளே புலம்பெயர்ந்தோர். சியாவ்பி போய்க் கைப்பேசியில் பணம் வருகிறது. எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பது இப்போது ஜோகூர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரின் போராட்டத்தை வீரம் என்றும், பிள்ளைகளின் போராட்டத்தைச் சுகவாசிகளின் முணுமுணுப்பு என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஜோகூர் வரலாறு அதை ஏற்கவில்லை. கொப்பரை முன்னால் வெந்தவன் துயரம் உடலின் துயரம். பிறந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கப்பட்டவன் துயரமும் அதே அளவு உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சிறிதாக்குவது நியாயமல்ல.

இதை எழுத எனக்குக் கிடைத்த தடயங்கள் பெரும்பாலும் சாதாரணக் காகிதங்கள்: ஆற்றுப் பத்திரம், பணக்கடிதம், பிறப்புச் சான்று, அடையாள அட்டை. தென்சீனத்து ஏழைக் குடும்பங்கள் தகரப் பெட்டியில் போட்டு வைத்ததால்தான் அந்தக் கடிதங்கள் உலக நினைவில் ஏறின. உங்கள் வீட்டில் தாத்தாவின் சிவப்பு அட்டையோ, கப்பல் சீட்டோ, ஊரிலிருந்து வந்த நீலநிற வான்கடிதமோ இருந்தால் எரித்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, யாருடையது என்று பின்பக்கம் எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.

(தொடரும்)